ஊர்ப் பெட்டிக்குள் ஒரு பென் டிரைவ்

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை நான்கு மணி. ஒரு பென் டிரைவைச் சுற்றி எழுபது எண்பது ஆண்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

எல்லோரும் பழவேற்காடு ஏரியில் வலை கட்டுகிறவர்கள். பென் டிரைவ் ஒரு பித்தளைத் தட்டில், மஞ்சள் துணிமேல் இருந்தது. பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம். குங்குமப் பொட்டு வேறு... எலுமிச்சம்பழத்துக்கு இல்லை, பென் டிரைவுக்கு!

எங்கள் ஆபீஸில் பென் டிரைவுக்கு இந்த மரியாதை கிடையாது. யாரும் எதையும் செருகிவிடக் கூடாது என்று எல்லா யூ.எஸ்.பி. போர்ட்டையும் முடக்கி வைத்திருக்கிறோம். முடக்கியவள் நான்தான். எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

சரி, காலையிலிருந்து வருகிறேன்.

அன்று காலை அனுப்பம்பட்டில், என் வீட்டில், வாரம் முழுவதும் சேர்ந்த துணியை ஊறவைத்துவிட்டு அன்றைய வேலைகளுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். (என் பட்டியல் வியாதி உங்களுக்குத் தெரியும். பட்டியல் போடுவதையும் பட்டியலில் எழுதி, உடனே அடித்துவிட்டு, ஒரு வேலை முடிந்தது என்று சந்தோஷப்படுகிற ரகம்.) மூன்றாவது வரியில் போன் வந்தது. கஸ்தூரி.

கஸ்தூரியும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். நான் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போனேன். அவள் சுண்ணாம்புக்குளத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் இருக்கும் தன் ஊரிலேயே ஒரு கம்ப்யூட்டர் கடை போட்டாள். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் திருத்தம், மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது... எல்லாம் உண்டு. கடை இருப்பது மீன் ஏலம் விடும் கொட்டகையை ஒட்டிய அறையில். அறை ஊருக்குச் சொந்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“இன்னாடி, பிஸியா கீறியா?”

“துணி ஊற வெச்சிருக்கேன்.”

“அது ஊறட்டும். நீ கெளம்பி வா. நாலு மணிக்குப் பஞ்சாயத்து. எனக்குக் கடை இருக்குமா போயிடுமான்னு இன்னைக்கு முடிவு பண்ணிடுவாங்க.”

“என்ன ஆச்சு?”

“லிஸ்ட்டை மாத்திட்டேனாம்.”

கஸ்தூரி எதற்கும் குரல் தழைக்கிறவள் இல்லை. அன்று தழைந்தது. துணியை அப்படியே விட்டுவிட்டு ரயில் பிடித்தேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கி பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. கடைசி மூன்று கிலோமீட்டர் சாலை ஏன் இன்னும் இப்படி இருக்கிறது என்று தனியாக ஒரு பத்தி எழுதலாம்.

அது என்ன லிஸ்ட்?

ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் குறைவு. வலை கட்டும் குழுக்களோ, கஸ்தூரியின் ஊரில் மட்டும் பதினொன்று. ஒரே நாளில் ஒரே இடத்தில் எல்லோரும் கழி நட்டு வலை கட்டினால் இறால் விழாது, ஆள்தான் விழுவான். அதனால் முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் ‘பாடு’. யாருக்கு எத்தனையாவது பாடு என்பதைக் கோயில் முன்னால் குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஒன்றாம் நம்பர் வந்த குழுவுக்கு அமாவாசை, அடுத்தடுத்த நம்பருக்கு அடுத்தடுத்த ராத்திரி. அமாவாசை இருட்டில்தான் இறால் அள்ளும். ஒரு வீட்டின் அடுத்த மூன்று மாதம் எப்படி இருக்கும் என்பது அந்தச் சீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

குலுக்கலுக்குப் பெண்கள் போவதில்லை. முடிவைத் துண்டுக் காகிதத்தில் எழுதி யாராவது கஸ்தூரி கடைக்கு எடுத்து வருவார்கள். அவள் டைப் அடித்து ஊரின் பென் டிரைவில் போடுவாள். துண்டுக் காகிதத்தை அங்கேயே கிழித்துவிடுவார்கள். அவளுடைய கம்ப்யூட்டரிலும் நகல் இருக்கக் கூடாது. ஒரு ஊருக்கு ஒரு லிஸ்ட்தான். இரண்டு இருந்தால் இரண்டு கட்சி ஆகிவிடும்! பென் டிரைவ் கோயிலில் இருக்கும் ஊர்ப் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அமாவாசைக்கு முந்தின வாரம் எடுத்து, பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள்.

முந்தின நாள் சனிக்கிழமை அப்படித்தான் எடுத்தார்கள். பிரிண்ட் போட்டார்கள். ஒட்டினார்கள்.

ஒட்டிய பசை காய்வதற்குள் தேசப்பன் வந்து நின்றிருக்கிறார். அவர் ஒரு குழுவின் தலைவர், கஸ்தூரிக்குச் சித்தப்பா முறை.

“எனக்கு ஒண்ணாம் நம்பரு வந்துச்சு. இதுல பதினொண்ணு போட்டுக்கீது. ஒண்ணுல யாரு கீறாங்க பாரு... டைப் அடிச்சவளோட நைனா!”

கஸ்தூரியின் நைனாவுக்குத் தன் நம்பர் ஏழு என்றுதான் ஞாபகம். அதை அவரே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். என்ன பயன்? “பொண்ணு மாட்டிக்கினதும் அப்பன் நல்லவன் ஆயிட்டான்” என்று ஒரு குரல். லிஸ்ட்டில் நல்ல நம்பர் விழுந்திருந்த மற்ற குழுக்களோ, “ஊர்ப் பெட்டியிலேர்ந்து வந்த லிஸ்ட்டு, அதை எப்படித் தப்புன்றது?” என்று பிடித்துக்கொண்டார்கள். ஆக, லிஸ்ட் சரி என்கிறவர்களுக்கும் தப்பு என்கிறவர்களுக்கும் நடுவில் கஸ்தூரி. நிரூபிக்க முடியாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும்.

“அன்னைக்கு ஊருல ஒருத்தருக்குமே சரியா ஞாபகம் இல்லையா?” என்று அவள் கடைக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

“ரெண்டு தபா குலுக்கினாங்கடி. அதான் எல்லாருக்கும் கலங்கிப்போச்சு.”

“ஏன் ரெண்டு தபா?”

“மொதல்ல குலுக்குனப்போ பத்துப் பேரு எடுத்தாச்சு. குடத்துல ஒரு சீட்டு மிச்சம். மிச்சம் தேசப்பன் சித்தப்பாவுதுதானேன்னு ஊர்த் தலைவர் மாமாவே எடுத்துக் குடுத்துட்டாரு. லிஸ்ட்டும் இங்க வந்துடுச்சு, நானும் அடிச்சுக் குடுத்துட்டேன். அதுக்கு அப்பால சித்தப்பா கெளப்புனாரு. நான் குடத்துக்குள்ள கை வுடவே இல்ல, கை வுடாம குடுத்தது செல்லாதுன்னு. சரின்னு மறுபடி மொதல்லேர்ந்து குலுக்கினாங்க. மறுபடி இங்க வந்தாங்க. மறுபடி அடிச்சேன்.”

“அதே பென் டிரைவ்ல?”

“அதேதான். ஆனா...” கஸ்தூரி நகத்தைக் கடித்தாள். “ரெண்டாவது தபா தொறந்தப்போ உள்ள காலியா இருந்துச்சு. மொத லிஸ்ட்டைக் காணோம். நான்தான் அழிச்சிட்டேன்போல, இல்ல அவங்க யாரையாவது வெச்சு அழிச்சிருப்பாங்கன்னு வுட்டுட்டேன். புதுசா அடிச்சு அதே பேருல சேவ் பண்ணிட்டேன்.”

காலியாக இருந்தது.

ஏழு வருஷ சப்போர்ட் வேலையில் நான் கற்றது இதுதான்... “ஆனா” என்று சொல்லிவிட்டு ஒருவர் நிறுத்துகிற இடத்தில்தான் பிரச்சினை இருக்கும்.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன். ஒன்று: பெட்டியில் இருந்த பென் டிரைவ் யார்? இரண்டு: இந்தக் கம்ப்யூட்டர் அதை முதன்முதலில் எப்போது பார்த்தது? மூன்று: அன்றைக்கு வேறு யாராவது வந்தார்களா?

கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். “பென் டிரைவ் ‘யாரு’ன்னு எழுதியிருக்கே. ‘எது’ன்னுதானே எழுதணும்?”

இல்லை. ‘யார்’தான். பென் டிரைவை நாம் செருகும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அந்த ஒரு நொடியில் பெரிய விசாரணையே நடக்கிறது. யார் நீ, எந்தக் கம்பெனி, என்ன மாடல், எவ்வளவு இடம் வைத்திருக்கிறாய், உன் சீரியல் நம்பர் என்ன என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. பென் டிரைவ் பதில் சொல்கிறது. நமக்கு அதெல்லாம் கேட்பதில்லை, படத்தைக் காப்பி பண்ணிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால், கம்ப்யூட்டர் அதை எழுதி வைத்துக்கொள்கிறது. லாட்ஜ் வரவேற்பறையில் ஒரு தடிமனான நோட்டு இருக்குமே, பெயர், ஊர், வந்த நேரம், போன நேரம் என்று... அதேதான். ஃபைலை அழிக்கலாம். வந்து போனவரின் வரி அந்த நோட்டில் தங்கிவிடும்.

கடையின் கம்ப்யூட்டர் ஒரு பழைய லேப்டாப். கீ-போர்டில் ‘எம்’ எழுத்து தேய்ந்து, இப்போது வெறும் வழவழப்பு. கமாண்ட் அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, இதுவரை வந்துபோன யூ.எஸ்.பி. ஸ்டோரேஜ் எல்லாவற்றையும் காட்டு என்று கேட்டேன். காட்டியது. காட்டிக்கொண்டே இருந்தது... ஊரில் இருக்கும் அத்தனை பாட்டும் அத்தனை கல்யாண வீடியோவும் இந்த வழியாகத்தான் போயிருக்கின்றன!

குலுக்கல் நடந்த நாளுக்கு வடிகட்டினேன். அதற்கு முன் மனதுக்குள் ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டேன். மலிவான பென் டிரைவ்களில் சிலவற்றுக்குச் சீரியல் நம்பரே இருக்காது. கம்ப்யூட்டரே ஏதோ ஒன்றை ஒட்டிவைக்கும். சில கம்பெனிகள் ஒரே நம்பரை ஆயிரம் பென் டிரைவுக்குக் குத்தி அனுப்பிவிடும். அப்படி ஒன்றாக இருந்தால் நானும் கஸ்தூரியும் சேர்ந்து கடையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இரண்டு வரிகள் வந்தன.

ஒரே கம்பெனி. ஒரே மாடல். ஒரே கொள்ளளவு. ஒன்றின் சீரியல் நம்பர் 41 என்று முடிந்தது, முதல் வருகை காலை பத்து நாற்பதுக்கு. இன்னொன்று 58 என்று முடிந்தது, முதல் வருகை மதியம் ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால்.

41 முந்தின நாள் சனிக்கிழமையும் வந்திருக்கிறது. பிரிண்ட் போட.

58 அன்று மதியம் போனது, போனதுதான்.

“ரெண்டு பென் டிரைவா?” கஸ்தூரி நாற்காலியில் உட்கார்ந்தாள். “ரெண்டும் கறுப்பா, ஒரே மாதிரி... எனக்கு எப்பிடித் தெரியும்?”

“உனக்குத் தெரியவேண்டாம். உன் லேப்டாப்புக்குத் தெரிஞ்சிருக்கு. 58 எங்கே?”

“ஆம்பளைங்களைத்தான் கேக்கணும்.”

கேட்கப் போனோம். லேப்டாப்பை அவள் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வந்தாள்.

கோயில் முன்னால் தகரக் கொட்டகை. ஆரம்பத்தில் சொன்னேனே, தட்டு, மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம். ஊர்த் தலைவர் ஏழுமலை நடுவில் உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி ஓரமாக நின்றாள். அங்கே பெண்கள் நிற்பதற்குத்தான் இடம். நான் வெளியூர்க்காரி என்பதால் என்னை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் நின்றேன்.

“இன்னாம்மா நீ, கம்ப்யூட்டரு டாக்டரா?” என்றார் ஏழுமலை.

“கம்பவுண்டர்னு வெச்சுக்குங்க மாமா.”

சிலர் சிரித்தார்கள். தேசப்பன் சிரிக்கவில்லை. “சிநேகிதிக்காக வந்துக்கீது. அது இன்னா சொல்லும்? மாத்தலைன்னுதான் சொல்லும். மெஷினும் அதுங்க சொல்றதைத்தானே சொல்லும்?”

நியாயமான கேள்வி. உள்ளபடி சொன்னால், எங்கள் ஆடிட்டர்கூட இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

“யாராவது ஒரு பென் டிரைவ் குடுங்க. எதுவா இருந்தாலும் சரி. எனக்குத் தெரியாததா இருக்கணும்.”

என்னை ஏற்றிவந்த ஷேர் ஆட்டோக்காரர் கூட்டத்தில்தான் இருந்தார். வண்டியில் பாட்டுக்கு வைத்திருந்ததைப் பிடுங்கி வந்து கொடுத்தார். செருகினேன். நோட்டில் தேடினேன். படித்தேன். “இது இந்த லேப்டாப்புக்கு மொதல்ல வந்தது மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். சாயங்காலம் ஆறு மணி. அப்புறம் வரவே இல்ல.”

ஆட்டோக்காரர் வாயைப் பிளந்தார். “மெய்யாலுமே! காணும் பொங்கலுக்குப் பீச்சு சவாரி அடிச்சுட்டு வந்து பாட்டு ஏத்துனேன். அதுக்கப்பால இவ ரேட்டை ஏத்திட்டா, நான் வரல!”

“பாட்டுக்குப் பாட்டு கேட்டா ரேட்டு ஏறாதா?” என்றாள் கஸ்தூரி. அவ்வளவு நேரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கொட்டகை கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தது. தட்டில் இருந்த பென் டிரைவை எடுத்தேன். குங்குமத்தை மட்டும் ஒதுக்கித் துடைக்க அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். செருகினேன்.

“பெட்டியில இருந்தது 41. குலுக்கல் அன்னைக்குக் காலைல பத்து நாப்பதுக்கு மொதல்ல வந்தது. உள்ளே இருக்கிற லிஸ்ட்டும் அப்போ அடிச்சதுதான், பத்து ஐம்பது. ரெண்டாவது தடவை குலுக்கினது எப்போங்க?”

“சோறு துன்ன அப்பால” என்றது ஒரு குரல். “பன்னெண்டரை பஸ்ஸு போச்சு, அப்பாலதான் குடத்தைத் தூக்குனோம்” என்றது இன்னொன்று.

“அப்போ இது செல்லாத லிஸ்ட். ரெண்டாவது குலுக்கல் லிஸ்ட்டு வேற ஒரு பென் டிரைவ்ல போயிருக்கு. 58. மதியம் ஒரு மணிக்கு வந்துட்டுப் போயிருக்கு. அந்த பென் டிரைவ் எங்கே மாமா?”

ஏழுமலை துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு முகத்தை. பிறகு மறுபடி கழுத்தை.

“ரெண்டு வாங்குனீங்களா?”

“பின்ன? தண்ணிக்குப் போறவன் எதையும் ஒத்தையாவா எடுத்துக்கினு போவான்? கவுறு ரெண்டு, டார்ச்சு ரெண்டு. அதான் பென் டிரைவும் ரெண்டா வாங்குனேன். மொத லிஸ்ட்டு ஒண்ணுல போட்டாச்சு. அது செல்லாதுன்னு ஆயிடுச்சு. அதுமேலயேவா நல்ல லிஸ்ட்டைப் போடுறது? புதுசுல போடச் சொன்னேன்.”

“சரி. பழசை என்ன பண்ணீங்க?”

“செல்லாத சீட்டை இன்னா பண்ணுவோம்?”

இதைக் கேட்டபோது எண்பது பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்தார்கள்.

எனக்குத்தான் புரியவில்லை. கஸ்தூரி என் காதருகில் குனிந்தாள். குலுக்கல் செல்லாமல் போனால் அந்தச் சீட்டுகள் ஊருக்குள் கிடக்கக் கூடாது. பின்னால் எவனாவது எடுத்து வந்து ‘இதோ என் நம்பர்’ என்று நீட்டுவான். அதனால் எல்லாவற்றையும் சேர்த்து ஏரியில் விட்டுவிடுவது பழக்கம்.

அதாவது... செல்லாத லிஸ்ட் பென் டிரைவில் இருந்தது. எனவே ஏழுமலை பென் டிரைவை ஏரியில் விட்டார்.

முழு பென் டிரைவை!

“மாமா, லிஸ்ட்டை மட்டும் அழிச்சா போதுமே?”

“அழிச்சா போயிடுமா? மெய்யாலுமே போயிடுமா? யாரும் திருப்பி எடுக்க முடியாதா?”

அழித்த ஃபைலைத் திரும்ப எடுக்கிற சாஃப்ட்வேர் என் பையிலேயே இருந்தது. எங்கள் கம்பெனியில் பழைய டிஸ்க்குகளை எப்படி ஒழிப்பது என்று பதினாலு பக்கத்துக்கு ஒரு விதிமுறை இருக்கிறது. அந்தப் பதினாலு பக்கத்தின் சுருக்கம், ‘ஏரியில் விடு’ என்பதுதான்.

விதிமுறையில் தப்பில்லை. கையில்தான் தப்பு. ஒரே கறுப்பில், ஒரே அளவில் இரண்டு. ஒன்று இடது சட்டைப் பையில், ஒன்று வலது சட்டைப் பையில். படகில் போய், நடு ஏரியில், கும்பிட்டுவிட்டு... 58ஐ விட்டுவிட்டார். செல்லாத 41 மஞ்சள் பூசிக்கொண்டு பெட்டிக்குள் பத்திரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

“நேத்து லிஸ்ட்டைப் பாத்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துச்சு” என்றார் ஏழுமலை மெதுவாக. “மாத்தி வுட்டுட்டோமோன்னு. நிச்சயமா தெரியல. அதான் சொல்லல.”

“நீ சொல்லாம இருந்ததுல என் பொண்ணு ராத்திரி பூரா சாப்பிடல” என்றார் கஸ்தூரியின் நைனா. சத்தமில்லாமல்தான் சொன்னார். அதனாலேயே எல்லோருக்கும் கேட்டது.

தலைவர் கஸ்தூரி பக்கம் திரும்பி, “தப்பு என்னுதுதாம்மா. கடை உன்னுது. யாரும் கை வைக்கமாட்டாங்க” என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். மீதிப் பேர், அதாவது நல்ல நம்பர் விழுந்திருந்தவர்கள், சுவரில் ஒட்டியிருந்த லிஸ்ட்டைக் கடைசி முறையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது சரியான லிஸ்ட்டுக்கு எங்கே போவது? கடை லேப்டாப்பில் அதற்கு முன்பே தேடிப் பார்த்திருந்தேன். கஸ்தூரி ஊர் விதிப்படி நேராகப் பென் டிரைவிலேயே அடித்துச் சேமித்திருக்கிறாள். ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. ஊர் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே ஆள் அவள்தான். அவளைத்தான் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள்.

மூன்றாவது முறை குலுக்குவது என்று முடிவானது.

ஆனால், இங்கே ஒரு சங்கடம். தேசப்பனுக்கு ஒன்றாம் நம்பர் வந்தது நிஜம் என்று இப்போது எல்லோருக்கும் பட்டுவிட்டது. அவர் கோபம் சரிதான், அதன் விலாசம்தான் தப்பு. ஒன்றாம் நம்பர் என்றால் என்ன என்று மேலே சொன்னேன். அமாவாசை. மூன்று மாதம். அவருக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் கல்லூரி போகக் காத்திருக்கிறாள் என்று கஸ்தூரி அப்புறம் சொன்னாள்.

ஏழுமலை தொண்டையைச் செருமினார். “தேசப்பா, ஒண்ணாம் நம்பரு உனக்கே இருக்கட்டும். மிச்சம் பத்தைக் குலுக்கிக்கலாம். இன்னா சொல்றீங்க எல்லாரும்?”

யாரும் எதிர்க்கவில்லை. தேசப்பன் கையை அசைத்து மறுத்தார்.

“வேணாம்” என்றார். “கை வுடாம குடுத்தது செல்லாது. அன்னைக்கு நான்தானே சொன்னேன்? பதினொண்ணையும் போடு.”

லேப்டாப் திரையைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

குடம் வந்தது. சீட்டு எழுத ஆரம்பித்தார்கள். ஏழுமலை கஸ்தூரியைப் பார்த்து, “நீ கடைக்குப் போம்மா. எழுதி அனுப்புறோம். அடிச்சிடு” என்றார்.

கஸ்தூரி நகரவில்லை.

“துண்டுக் காயிதத்துல வந்தா இனிமே அடிக்கமாட்டேன் மாமா.”

“பின்ன?”

“நீங்க சீட்டை எடுத்துப் படிக்கப் படிக்க இங்கயே உக்காந்து அடிக்கிறேன். எல்லாரும் பாக்கட்டும். நானும் பாக்குறேன்.”

கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. குலுக்கல் நடக்கும் இடத்தில் பெண் உட்காருவதா? இதுவரை இல்லை. இதுவரை இல்லை என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஏழுமலை மறுபடி துண்டை எடுத்தார், மறுபடி கழுத்து.

அப்போது தேசப்பன் எழுந்தார். ஏலக் கொட்டகைப் பக்கம் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. குடத்துக்குப் பக்கத்தில் போட்டார். தோள் துண்டை எடுத்து உட்காரும் இடத்தைத் துடைத்தார். யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வந்திருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

கஸ்தூரி உட்கார்ந்தாள். மடியில் லேப்டாப். ஒவ்வொருவராகக் குடத்துக்குள் கைவிட்டார்கள். நம்பரைப் படித்தார்கள். அவள் அடித்தாள். ‘எம்’ எழுத்து வரும்போது மட்டும் ஒரு தட்டு பலமாக.

தேசப்பன் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். ஊரே பார்க்கும்படி, மெதுவாக, வேண்டுமென்றே.

நான்கு.

“நாலு” என்று கஸ்தூரி திருப்பிச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவளுடைய நைனாவுக்கு ஒன்பது. அதற்கும் ஒரு தலையாட்டல்.

புது லிஸ்ட் 41இலேயே ஏறியது. பழையதை அழித்துவிட்டுத்தான். “திருப்பி எடுக்க முடியாம அழிச்சியா?” என்று ஏழுமலை மூன்று தடவை கேட்டார். அதன்மேல் வேறொன்றை நிறைய எழுதி, நிஜமாகவே எடுக்க முடியாதபடி செய்து காட்டினேன். அவர் முழுசாக நம்பவில்லை. ஏரி அளவுக்கு வேறு எதையும் அவர் நம்புவதாகத் தெரியவில்லை. வலைகளின் மிதவையில் ஒவ்வொரு வீட்டாரும் ஓர் அடையாளம் வெட்டி வைத்திருப்பார்களாம். அதே போல பென் டிரைவின் ஓட்டையில் ஆரஞ்சு நிற வலை நூலைக் கோத்து ஏழு முடிச்சுப் போட்டார். சீரியல் நம்பரை விட இது வசதிதான், கமாண்ட் அடிக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபோது துணி பன்னிரண்டு மணி நேரம் ஊறியிருந்தது. நீலச் சுடிதாரின் சாயம் எல்லாவற்றிலும் சமமாகப் பிரிந்திருந்தது. இதற்கு யார் பஞ்சாயத்து வைப்பது?

இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போது கஸ்தூரி போன் செய்தாள்.

“அமாவாசையிலேர்ந்து வாடைக் காத்துடி. ஒண்ணு, ரெண்டு, மூணு... மூணு பேருக்கும் ஒண்ணும் விழல. வலையில வெறும் பாசி. நேத்துதான் காத்து நின்னுச்சு.”

“நேத்து யாரு முறை?”

“நாலு. சித்தப்பாவுக்கு அள்ளிடுச்சு! விடியக்காலைல கூடையோட கடைக்கே வந்துட்டாரு. ரெண்டு கை இறால் எடுத்து ஜெராக்ஸ் மெஷின்மேல வெச்சுட்டுப் போறாரு.”

“என்ன சொன்னாரு?”

“அவருக்கு ஒண்ணு போட்ட அந்தப் பென் டிரைவை ஏரி படிச்சிடுச்சாம்.”

இருக்கலாம். எந்தப் போர்ட்டில் செருகியது என்றுதான் எனக்குத் தெரியவேண்டும்.